மாட்டுக்கு ஐம்பது ரூபாய், ஆமைக்கு ஏழாண்டு: விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வாக்காளர் எங்கே அசைக்க முடியும்?

2025 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை தெருநாய்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு, விலங்குகளுக்கான சட்டம் பற்றிய பேச்சு கடலூரிலும் புதுச்சேரியிலும் டீக்கடை வரை வந்துவிட்டது. நாய்க்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு மனிதனுக்கு இல்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அடித்துக் கொன்றாலும் கேட்பதற்கு நாதியில்லை என்று மறு சாரார் சொல்கிறார்கள். இரு தரப்பும் வெவ்வேறு சட்டங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதால் இந்தக் குழப்பம் தீராமல் இருக்கிறது. விலங்குகளுக்கு வலுவான பாதுகாப்பு வேண்டும் என்று கருதும் வாக்காளர், வாக்குக் கேட்டு வருபவரிடம் பொதுவாக முறையிட்டுப் பயனில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு பலவீனமாக இருக்கிறது, அதை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் உள்ளதா, சட்டமன்ற உறுப்பினரிடம் உள்ளதா, மாமன்ற உறுப்பினரிடம் உள்ளதா என்று தெரிந்து கேட்டால்தான் அந்தக் கேள்விக்குத் தப்பிக்க முடியாத பதில் கிடைக்கும்.

ஒரே ஊரில் மூன்று சட்டங்கள்

இன்று ஒரு விலங்கின் மீது கொடுமை நடந்தால், அது எந்த விலங்கு, என்ன நேர்ந்தது என்பதைப் பொறுத்துப் பெரும்பாலும் கீழ்க்கண்ட மூன்றில் ஒரு சட்டம் பொருந்தும்.

1. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972. தை முதல் பங்குனி வரை தேவனாம்பட்டினம், தாழங்குடா, புதுச்சேரிக் கரைகளில் முட்டையிட வரும் பங்குனி ஆமை இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது.

2. பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 325. இந்திய தண்டனைச் சட்டத்தின் 428, 429 பிரிவுகளுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. எந்த விலங்கையும் கொன்றாலோ, நஞ்சு வைத்தாலோ, ஊனப்படுத்தினாலோ 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். பழைய பிரிவுகளில் விலங்கின் விலை 10 ரூபாயா, 50 ரூபாயா என்று பார்த்துத் தண்டனை மாறியது. அந்த வேடிக்கை இப்போது இல்லை.

3. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. சாகாமல், ஊனமாகாமல் ஒரு விலங்கு படும் அன்றாடத் துன்பம் முழுவதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. அடி, உதை, அளவுக்கு மீறிய பாரம், புண்ணோடு வேலை வாங்குவது, குறுகிய கூண்டில் அடைப்பது, குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது, தீனியும் தண்ணீரும் தராமல் விடுவது, வளர்த்ததைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது ஆகியவற்றை 11-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே, சட்டமே இல்லை என்பது தவறு; போதுமான சட்டம் இருக்கிறது என்பதும் தவறு. காட்டு விலங்குக்கு இருக்கும் வேலி உயரமானது. மனிதனோடு வாழும் மாடு, நாய், குதிரை, கழுதை, கோழி ஆகியவற்றுக்கான வேலி 1960-இல் போட்ட அதே உயரத்தில் நிற்கிறது. அந்த ஆண்டின் 10 ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்று அது ஒரு டீயின் விலைகூட இல்லை.

பெண்ணையாற்று வண்டி மாடுகள்

பிரிவு எண்களைவிட ஒரு வண்டியை அருகில் நின்று பார்ப்பது இந்தச் சட்டத்தின் நிலையை நன்றாக விளக்கும். தென்பெண்ணை ஆற்றுப் படுகையிலிருந்து மணல் ஏற்றி வரும் மாட்டு வண்டியில், நுகத்தடி அழுத்தும் பிடரியில் தோல் உரிந்து, ஈ மொய்க்காமல் இருக்க மஞ்சளோ கரி எண்ணெயோ பூசப்பட்டிருக்கும் மாட்டைக் காண்பது அரிதல்ல. கரையேறும் இடத்தில் சக்கரம் மணலில் புதையும்போதுதான் வால் முறுக்கப்படுகிறது, தார்க்குச்சி இறங்குகிறது. குச்சியின் முனையில் ஆணி இருக்கும்.

இதில் எத்தனை சட்ட மீறல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். புண் உள்ள மாட்டை வேலைக்குப் பயன்படுத்துவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். இழுவை மற்றும் பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள், முள்ளோ ஆணியோ பொருத்திய குச்சியைப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன. அதே விதிகளின்படி ஒரு விலங்கிடம் நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது; ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வாங்கக்கூடாது; வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது. கத்திரி வெயில் நாட்களில் கடலூர் மாவட்டத்தின் வெப்பநிலை அந்த அளவைக் கடப்பது வழக்கமான செய்தி. அதாவது மே மாதத்தில் பட்டப்பகலில் பாரம் இழுக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு வண்டியும் சட்டத்துக்குப் புறம்பாக ஓடுகிறது. இந்த விதிகளை மீறினால் விதிக்கத்தக்க அபராதத்தின் உச்சவரம்பு 100 ரூபாய். 3 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

அறுபது ஆண்டுகளாக இந்த விதிகள் ஏட்டில் இருக்கின்றன. எழுதியவர்கள் மாட்டை நன்கு அறிந்தவர்கள் என்பது விதிகளின் நுணுக்கத்திலேயே தெரிகிறது. அப்படியிருந்தும் வண்டிக்காரருக்கு இவற்றைப் பற்றித் தெரியாது. பெரும்பாலான காவல் நிலையங்களிலும் இவை பேச்சில் வருவதில்லை. ஏன் என்பதற்கான விடை அபராதத் தொகையில் பாதிதான் இருக்கிறது.

முடிச்சு எங்கே இருக்கிறது

மீதிப் பாதி குற்றவியல் நடைமுறையில் இருக்கிறது. குற்றங்கள் இரு வகைப்படும். ஒரு வகையில், புகார் வந்தவுடன் காவல்துறை தானாகவே முதல் தகவல் அறிக்கை பதிந்து, பிடியாணையின்றிக் கைது செய்து, விசாரணையைத் தொடங்கலாம். மற்றொரு வகையில், காவல்துறை புகாரைக் குறித்துக்கொண்டு, நீதித்துறை நடுவரின் அனுமதி பெற்ற பின்னரே விசாரிக்க முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174-ஆம் பிரிவு இதைக் கூறுகிறது.

வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட குற்றங்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கொடிய முறையில் கொல்வது அல்லது உறுப்பைச் சிதைப்பது, சேவல் சண்டை போன்றவற்றுக்குக் களம் நடத்துவது, பால் கறக்க உறுப்பில் காற்றடிக்கும் கொடுமை என விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே முதல் வகையில் வருகின்றன. பாரம், அடி, பட்டினி, குட்டைச் சங்கிலி ஆகிய எதற்கும் காவலர் தாமாக வழக்குப் பதிய முடியாது. புகார் கொடுக்கப் போனவர் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதுடன் (புகார் பெறப்பட்டதற்கான சான்றுடன்) மட்டும் திரும்பி வருவதற்குக் காவலரின் அலட்சியம் மட்டுமே காரணம் என்று நினைப்பது எளிது. பல நேரங்களில் சட்டமே அவர் கையைக் கட்டியிருக்கிறது.

இதோடு 36-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குற்றம் நடந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் வழக்குத் தொடராவிட்டால், பிறகு தொடரவே முடியாது. நடுவரின் அனுமதி, கால்நடை மருத்துவரின் சான்று, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றைத் திரட்டுவதற்குள் அந்தக் கெடு கடந்துவிடும். கடைசியில் கிடைப்பதோ 50 ரூபாய் அபராதம். இதற்காக நீதிமன்றப் படியேற எந்தக் காவல் அதிகாரி முன்வருவார்?

எனவே என் கணிப்பில், 50 ரூபாயை 50,000 ரூபாயாக்கு என்பது முதல் கோரிக்கையாக இருக்கக்கூடாது. கடுமையான வதைகளைக் காவல்துறை நேரடியாக விசாரிக்கத்தக்க குற்றங்களாக மாற்றுவதும், 3 மாதக் கெடுவை நீட்டிப்பதும்தான் முதலில் வர வேண்டும். தொகையை மட்டும் ஏற்றிவிட்டு நடைமுறையை அப்படியே விட்டால், பெரிய தொகை எழுதிய செல்லாத காசோலைதான் மிஞ்சும்.

2024-க்குப் பிறகு புதிதாக ஒரு பள்ளமும் விழுந்திருக்கிறது. விலங்குகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவில் தண்டனைக்குரியதாக இருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு இணையான பிரிவு இடம்பெறவில்லை. மேலும் 325-ஆம் பிரிவு சொத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற அத்தியாயத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஒருவருக்கோ பொதுமக்களுக்கோ இழப்பு ஏற்படுத்துவது என்ற கருத்திலிருந்து பிறந்த குற்றம் அது. உரிமையாளர் இல்லாத தெரு விலங்குக்காக அதைப் பயன்படுத்தும்போது, யாருக்கு என்ன இழப்பு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பதற்கு இடம் இருக்கிறது.

இந்தச் சட்டம் பிறந்த கதை

மத்திய அரசின் சட்டத்தை ஊர்க்காரர்கள் என்ன செய்துவிட முடியும் என்ற அலுப்புக்கு இச்சட்டத்தின் வரலாறே பதில் சொல்கிறது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், 1890-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வேண்டும் என்று தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவே தனிநபர் மசோதா எனப்படும். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததும் அவர் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியத்தின் தலைமையகம் பல்லாண்டுகள் சென்னையில் இருந்து, 2018-இல் ஹரியானாவுக்கு மாற்றப்பட்டது.

நாடு விடுதலை பெற்றது முதல் 14 தனிநபர் மசோதாக்கள் மட்டுமே சட்டமாகியுள்ளன. அவற்றில் கடைசி 1970-இல் நிறைவேறியது. இதை வைத்து அந்த வழியே வீண் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. ருக்மிணி தேவியின் மசோதாவும் கணக்குப்படி தோற்றதுதான். ஆயினும் அது அரசை ஒரு வாக்குறுதிக்குள் கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் பேசுவதற்கு எந்தக் கட்சியின் உறுப்பினருக்கும் உரிமை உண்டு. கடலூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கும் அது உண்டு. புதுச்சேரியின் ஒரே மக்களவை உறுப்பினருக்கும், ஒரே மாநிலங்களவை உறுப்பினருக்கும் உண்டு.

ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 11-ஆம் பிரிவுக் குற்றங்களுக்குப் போதிய தண்டனை கிடைக்கும் வகையில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும் என எதிர்பார்ப்பதாகக் கூறியது. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு வரைவுத் திருத்த மசோதாவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. கொடூர வதை என்ற புதிய வகைக்கு 50,000 முதல் 75,000 ரூபாய் வரை அபராதமும், 1 முதல் 3 ஆண்டு வரை சிறையும் அதில் முன்மொழியப்பட்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், மசோதாவைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. அந்த வரைவு எங்கே நிற்கிறது, அதை அவையில் கொண்டுவரும்படி நீங்கள் எத்தனை முறை கேட்டீர்கள் என்று தம் உறுப்பினரிடம் வாக்காளர் நேரடியாக வினவலாம்.

ரெட்டிச்சாவடிக்கு இப்பால், முள்ளோடைக்கு அப்பால்

விலங்கு வதைத் தடுப்பு, அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 17-ஆம் இனமாக இருக்கிறது. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இது குறித்துச் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால் மத்தியச் சட்டமே செல்லும். ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் செல்லும். 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் ஏறத்தாழ இதே ஏற்பாட்டைப் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கும் தருகிறது. நாங்கள் யூனியன் பிரதேசம், எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று புதுச்சேரியில் எதற்கெடுத்தாலும் சொல்லப்படும் பதில் இந்த விஷயத்துக்குப் பொருந்தாது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பேருந்து, ரெட்டிச்சாவடியைத் தாண்டி முள்ளோடைக்குள் நுழையும் சில நிமிடங்களில் சட்டம் எப்படி மாறுகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது ஜல்லிக்கட்டு. 2017 ஜனவரியில் மெரினாவில் தொடங்கித் தமிழகம் எங்கும் மாணவர்கள் திரண்டபோது, ஜனவரி 21 அன்று அவசரச் சட்டமும், 23 அன்று சட்டமன்றத்தில் திருத்த மசோதாவும், மாத முடிவுக்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திருத்தத்தை உறுதி செய்தது. அது தமிழ்நாட்டுத் திருத்தம்; எல்லை தாண்டிய புதுச்சேரிக்குப் பொருந்தாது. ஜல்லிக்கட்டில் யார் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும், இந்த நிகழ்வின் பொறியமைப்பைக் கவனிப்பது நல்லது. மாநிலத்தால் மத்தியச் சட்டத்தைத் தன் எல்லைக்குள் மாற்ற முடியும், அதுவும் பத்தே நாளில் முடியும் என்பது நடந்து காட்டப்பட்டிருக்கிறது. மாடுகளுக்காக எந்தச் சட்டமன்றமும் கூடப்போவதில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, கோயில்களில் ஆடு கோழி பலியிடுதல். சென்னை மாகாணத்தில் 1950-இல் இதைத் தடை செய்து ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டு தூங்கிக் கிடந்த அதை 2003-இல் தமிழக அரசு திடீரென்று கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்தபோது, கிராமத் தெய்வ வழிபாட்டில் இருப்போரிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. புதுச்சேரியிலோ இதே போன்ற தடைச் சட்டம் 1965-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் நடந்த நீக்கம் அதைத் தொடவில்லை. முனீஸ்வரனுக்கும் அய்யனாருக்கும் படையல் போடும் குடும்பங்களுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பது வேறு விஷயம்.

வலுவான சட்டம் கேட்பவர்கள் 2003-ஐ மறக்கக்கூடாது. மக்களிடம் பேசாமல், ஒரு சாராரின் வழிபாட்டை மட்டும் குறிவைப்பதாகத் தோன்றும் வகையில் மேலிருந்து இறக்கப்பட்ட சட்டத்தை வாக்காளர்களே பிடுங்கி எறிந்தார்கள். விலங்குப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு முதலில் எழும் ஐயம் இதுதான்: இது யார் சாப்பாட்டின் மீது, யார் சாமியின் மீது கை வைக்கப் போகிறது? 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, சமயம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்வதைக் குற்றத்திலிருந்து விலக்கியிருக்கிறது. அந்தப் பிரிவைத் தொடாமலேயே பாரம், பட்டினி, புண், சங்கிலி, கைவிடல் ஆகியவற்றில் செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவதே விவேகம்.

யானைகளைப் பற்றிச் சுருக்கமாக: 2022 நவம்பர் 30 அன்று மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி காலை நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்தபோது புதுச்சேரி முழுவதும் கண்ணீர் விட்டது. வளர்ப்பு யானைகளின் பராமரிப்புக்குத் தமிழ்நாடு 2011-இல் தனி விதிகளை வகுத்தது. அவையும் மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன.

தெருநாய்: சட்டம் மேலே, பொறுப்பு கீழே

தெருநாய்களைக் கட்டுப்படுத்தும் விதிகளும் வதைத் தடுப்புச் சட்டத்தின் கிளைதான். 2001-ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 வந்தன. நாயைப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் வெட்டு அடையாளம் இட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது இவற்றின் சாரம். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கண்ட அல்லது மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வழக்கை நாடு முழுவதற்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடக்கூடாது என்று உத்தரவிட்டது.

இவை எல்லாவற்றையும் செய்ய வேண்டியது உள்ளாட்சி அமைப்பு. கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது. 2022-இல் தேர்தல் நடந்தது. கருத்தடை மையத்தில் எத்தனை மருத்துவர்கள், எத்தனை கூண்டுகள், மாதம் எத்தனை அறுவைகள் என்று கேட்பதற்குத் தேர்தலில் வென்று வந்த மாமன்ற உறுப்பினர் இருக்கிறார். புதுச்சேரியின் நிலை வேறு. அங்கே 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடக்காமல் போனது. புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளும் அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர் முதலிய கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகளின் பொறுப்பில் ஓடின. நாய் கடித்த குழந்தையின் தாயும், நாய்க்குச் சோறு வைக்கும் பெண்ணும் ஒருவர்மேல் ஒருவர் கோபப்பட்டுத் தெருவில் நிற்பதற்கு, இருவரும் சேர்ந்து கேள்வி கேட்க வேண்டிய நாற்காலி காலியாக இருப்பது ஒரு முக்கியக் காரணம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலைக் கேட்பதும் ஒருவகையில் விலங்குப் பாதுகாப்புக் கோரிக்கைதான்.

எதிர்ப்பில் இருக்கும் நியாயம்

கடும் தண்டனையைக் கண்டு விவசாயிகளும் வண்டிக்காரர்களும் அஞ்சுவதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. மணல் வண்டியில் பாரத்தைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் மாட்டின் சொந்தக்காரர் அல்லர். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசுபவர்தான். கவனக்குறைவாக இருந்த உரிமையாளரையும் 11-ஆம் பிரிவு பொறுப்பாக்குகிறது. கூலி பேசி அதிகப் பாரம் ஏற்றச் சொல்பவரை அது வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. இந்த நிலையில் 50,000 ரூபாய் அபராதம் வந்தால், அது மாட்டையும் விற்று வண்டியையும் விற்றுக் கட்ட வேண்டிய தொகையாகிவிடும். மாடு ஏற்றிவரும் லாரிகளை வழிமறித்துத் தாங்களே சட்டத்தைக் கையில் எடுப்பவர்களுக்குப் புதிய அதிகாரம் ஒரு சாக்காகிவிடுமோ என்ற அச்சமும் நியாயமானதே. 1978-ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகள் ஒரு சரக்கு வண்டியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கின்றன. அதைச் சோதிக்க வேண்டியவர் சீருடை அணிந்த அதிகாரியே.

ஆகவே தண்டனை படிப்படியாக அமைய வேண்டும். புண் மாட்டோடு முதல் முறை பிடிபட்ட வண்டிக்காரருக்கு எச்சரிக்கையும் கட்டாயச் சிகிச்சையும். பாரம் ஏற்றுவித்தவருக்கு அபராதம். வேண்டுமென்றே சித்திரவதை செய்தவருக்குச் சிறை. இப்படிப் பிரித்துக் கேட்டால் உழவர்களையும் உடன் நிறுத்த முடியும். மாட்டின் வலி அவர்களுக்குத் தெரியாததல்ல.

யாரிடம் எதைக் கேட்பது

1. மக்களவை, மாநிலங்களவை உறுப்பினரிடம்: 11-ஆம் பிரிவின் கடும் வதைகளைக் காவல்துறை நேரடியாக விசாரிக்கத்தக்கதாக்குவது, 36-ஆம் பிரிவின் 3 மாதக் கெடுவை நீட்டிப்பது, 377-ஆம் பிரிவு நீங்கியதால் விழுந்த பள்ளத்தை மூடுவது. 2022-ஆம் ஆண்டு வரைவு குறித்து அவையில் கேள்வி எழுப்புவாரா, தனிநபர் மசோதா கொண்டுவருவாரா என்று ஆம், இல்லை என்ற பதில் கிடைக்கும்படி கேட்க வேண்டும்.

2. கடலூர் மாவட்டத்தின் 9 சட்டமன்றத் தொகுதிகளிலும், புதுச்சேரியின் 30 தொகுதிகளிலும் நிற்பவர்களிடம்: மத்தியச் சட்டம் அசையாவிட்டால் மாநிலத் திருத்தம் கொண்டுவருவார்களா? வதைத் தடுப்புச் சங்கங்களுக்கான 2001-ஆம் ஆண்டுத் தனி விதிகள் மாவட்டந்தோறும் அத்தகைய ஒரு சங்கம் வேண்டும் என்கின்றன. அது பெயரளவில் இருக்கிறதா, வண்டியும் மருத்துவரும் இடமும் அதற்கு உண்டா? கால்நடை மருந்தகத்தில் இரவு நேரச் சிகிச்சைக்கு நிதி ஒதுக்குவார்களா? கடைசி இரண்டுக்கும் சட்டத் திருத்தமே தேவையில்லை, துறைகளுக்கான நிதியைப் பேசும் மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு வரி போதும்.

3. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியிடம்: கருத்தடை மையம், தடுப்பூசி முகாம், நாய்களுக்கு உணவிடும் இடம் குறிப்பது, வண்டி மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபை கூடுகிறது. மே 1 கூட்டம் கத்திரி வெயிலை ஒட்டியே வருவதால், நண்பகல் 12 முதல் 3 வரை வண்டி பூட்டக்கூடாது என்ற 1965-ஆம் ஆண்டு விதியை ஊரறியச் செய்யும் தீர்மானத்துக்கு அதுவே பொருத்தமான நாள்.

கேட்பவர் ஒருவராக இருந்தால் வேட்பாளர் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நாய் வளர்ப்போர், பால்காரர், கால்நடை மருத்துவர், வண்டிக்காரர் சங்கத்தவர் என ஒரு தெருவில் பத்துப் பேர் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டு, பதிலையும் அதே காகிதத்தில் எழுதி வாங்கினால் அது ஐந்தாண்டுக்கு நிற்கும். வென்ற பிறகு, தமிழ்நாட்டில் சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவுக்கும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்ப்பு நாளில் ஆட்சியரிடமும் அதன் நகலைச் சேர்க்கலாம்.

இதற்கு முன்பே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. மாவட்டக் காவல் அலுவலகத்துக்கும் கால்நடைத் துறைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அனுப்பி, கடந்த மூன்று ஆண்டுகளில் 11-ஆம் பிரிவின் கீழ் எத்தனை புகார்கள் வந்தன, அவற்றில் எத்தனை நடுவரிடம் போயின, எத்தனை கெடு கடந்து விழுந்தன, வசூலான அபராதம் மொத்தம் எவ்வளவு என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வேட்பாளரிடம் காகிதத்தை நீட்டும்போது அந்தப் பதிலையும் பின்னால் இணைத்துக் கொடுக்கலாம்.